ஒட்டப்பட்ட பத்தி

ரோஜர் ரெவெலும் ஹான்ஸ் சூஸும் சேர்ந்து 1957-இல் ஒரு கட்டுரை எழுதினார்கள். ஸ்வீடனிலிருந்து வந்த 'டெல்லஸ்' இதழில் வெளியானது. மொத்தமே பத்துப் பக்கம். பருவநிலை மாற்றத்தின் வரலாற்றைச் சொல்லும் எந்தப் புத்தகத்தை எடுத்தாலும் அதிலிருந்து ஒரு வாக்கியம் இருக்கும். மனிதர்கள் இப்போது பூமியை வைத்து ஒரு பெரும் சோதனையைச் செய்துகொண்டிருக்கிறார்கள். கோடிக்கணக்கான ஆண்டுகளாகப் பாறைகளுக்குள் சேர்ந்த கரியைச் சில நூற்றாண்டுகளுக்குள் காற்றுக்கும் கடலுக்கும் திருப்பி அனுப்புகிறார்கள். இப்படியொன்று முன்பு நடந்திருக்க முடியாது, இனி திரும்பவும் நடக்காது. அந்த வாக்கியத்தின் சாரம் இதுதான். ஆவணப்படங்களில் கடலலைக்கு மேல் எழுத்துகளாக ஓட விடுவதற்கென்றே எழுதியது போல இருக்கும்.

என் பிரச்சினை அந்த வாக்கியத்தோடு இல்லை. அதை வெட்டியெடுத்து மாட்டிவைக்கிற பழக்கத்தோடுதான். நாம் கவிதைக்குச் செய்வதையே அறிவியலுக்கும் செய்கிறோம். ஒரு வரியை எடுத்து, பின்னால் சூரிய அஸ்தமனம் வைத்து, அடியில் பெயரைப் போட்டுவிட்டால் ஆள் தீர்க்கதரிசி ஆகிவிடுகிறார். மீதி ஒன்பதே முக்கால் பக்கம் என்ன சொல்கிறது? அதைப் படித்தால் ஒரு சங்கடம் காத்திருக்கிறது. அந்தக் கட்டுரையின் பெரும்பகுதி, கவலைப்பட இப்போதைக்கு அதிகம் இல்லை என்றுதான் வாதிடுகிறது.

கேள்வி என்ன என்பதிலிருந்து வருவோம். 1938-இல் கை ஸ்டூவர்ட் காலண்டர் என்ற ஆங்கிலேயர், தொழிலால் நீராவிப் பொறியாளர், நிலக்கரி எரித்ததால் காற்றில் கரியமில வாயு கூடிவிட்டது, அதனால் பூமியும் சற்று சூடாகியிருக்கிறது என்று எழுதினார். நிபுணர்கள் பெரிதாக மதிக்கவில்லை. அவர்கள் கையில் ஒரு வலுவான பதில் இருந்தது: கடல். காற்றில் இருப்பதைப் போலப் பல பத்து மடங்கு கரி கடலில் கரைந்து கிடக்கிறது. கொஞ்சம் கூடுதலாக வந்தால் அது குடித்துவிட்டுப் போகும், இதில் என்ன இருக்கு? இந்தப் பதில் சரியா என்று சோதிக்க ஒரே வழி, ஒரு கரியமில வாயு மூலக்கூறு காற்றில் எத்தனை வருஷம் திரிந்த பிறகு கடலுக்குள் போகிறது என்று கண்டுபிடிப்பது.

சூஸிடம் அதற்கான கடிகாரம் இருந்தது. ஆஸ்திரியாவில் பிறந்த வேதியியலாளர். கோண்ட்வானாலாந்து என்று பழைய பெருங்கண்டத்துக்குப் பேர் வைத்த புவியியலாளர் எட்வர்ட் சூஸின் பேரன். காற்றிலுள்ள கரியில் மிகச் சிறு பங்கு கதிரியக்கமுள்ள கார்பன்-14. நிலக்கரியிலும் எண்ணெயிலும் அது இருக்காது. மண்ணுக்கடியில் கிடந்த காலத்தில் சிதைந்து தீர்ந்திருக்கும். ஆகவே புகைபோக்கியிலிருந்து வரும் கரி, காற்றிலுள்ள கார்பன்-14-இன் விகிதத்தைக் குறைக்கும், பாலில் தண்ணீர் சேர்ப்பது மாதிரி. மரங்களின் வளையங்களில் இந்தக் கலப்படம் எவ்வளவு பதிவாகியிருக்கிறது என்று சூஸ் அளந்தார். எதிர்பார்த்ததைவிட ரொம்பக் குறைவு. அப்படியானால் எரித்த கரியில் பெரும்பங்கு வேறெங்கோ போயிருக்க வேண்டும். ரெவெலும் அவரும் கணக்குப் போட்டுச் சொன்ன விடை: காற்றில் ஒரு மூலக்கூறின் சராசரி ஆயுள் சுமார் 10 ஆண்டு. அதே ஆண்டு அதே இதழில் ஹார்மன் கிரெய்க் தனியாகச் செய்த கணக்கும் இதற்கு வெகு பக்கத்தில் வந்தது.

இதிலிருந்து கட்டுரையின் சுருக்கப்பகுதி எடுக்கும் முடிவு நேரடியானது. தொழிற்புரட்சியிலிருந்து எரித்த கரியில் பெரும்பாலானதைக் கடல் வாங்கிக்கொண்டுவிட்டது. காற்றில் ஏற்பட்ட உயர்வு தற்போதைக்குச் சிறியது. எரிபொருள் பயன்பாடு இதே வேகத்தில் பெருகினால் வருங்காலத்தில் கணிசமாகலாம். அந்தக் கடைசித் துண்டைத் தவிர்த்தால், காலண்டரை மறுத்தவர்கள் நிம்மதியாகத் தூங்கப் போகக்கூடிய முடிவு.

ஆனால் கட்டுரைக்கு நடுவே ஒரு பத்தி வருகிறது. அது இந்த நிம்மதியை உடைக்கிறது.

கடல்நீர் வெறும் தண்ணீர் இல்லை. சோடாவில் வாயு கரைவது போல அதில் கரியமில வாயு கரைந்து சும்மா நிற்பதில்லை; வேதிவினை நடக்கிறது. கடலில் கரைந்துள்ள கரியில் ஏறக்குறைய 90 விழுக்காடு பைகார்பனேட், 9 விழுக்காட்டுப் பக்கம் கார்பனேட். வாயுவாகவே இருப்பது சுமார் 1 விழுக்காடு. காற்றோடு பேசுவது அந்த 1 விழுக்காடு மட்டும்தான். புதிதாக உள்ளே வரும் வாயுவைக் கார்பனேட் பிடித்துப் பைகார்பனேட்டாக மாற்றும். ஆனால் கார்பனேட் கையிருப்பு கொஞ்சம்தான். அது குறையக் குறைய உள்ளே வந்த வாயு வாயுவாகவே நின்றுவிடும், வெளியே தள்ளும். விளைவு: காற்றில் கரியமில வாயு 10 விழுக்காடு உயர்ந்தால், மேற்பரப்புக் கடல்நீரின் மொத்தக் கரி சுமார் 1 விழுக்காடு உயர்ந்த இடத்திலேயே சமநிலை வந்துவிடும். மூலக்கூறு பத்து வருஷத்தில் கடலுக்குள் போவது உண்மை. அதற்குப் பதிலாக இன்னொன்று வெளியே வருவதும் உண்மை. மாற்று நடக்கிறது, சேமிப்பு நடக்கவில்லை.

ரெவெலுக்கு இது புது விஷயம் இல்லை. 1930-களில் முனைவர் பட்டத்துக்காகக் கடலடிச் சேற்றையும் அதிலுள்ள கார்பனேட்டுகளையும் ஆராய்ந்தவர் அவர். ஆனாலும் கட்டுரையின் முதல் வடிவத்தில் இது இல்லை. அறிவியல் வரலாற்றாசிரியர் ஸ்பென்சர் வெர்ட் கையெழுத்துப் படியைப் பார்த்துவிட்டு எழுதியிருக்கிறார்: இந்தப் பகுதி வேறொரு தாளில் தட்டச்சு செய்யப்பட்டு, பிரதியின்மேல் ஒட்டப்பட்டிருக்கிறது. கட்டுரையை அனுப்புவதற்குக் கொஞ்சம் முன்னால் ரெவெல் யோசித்துச் சேர்த்தது.

எனக்கு இந்தக் கட்டுரையில் மிகப் பெரிய இலக்கியத் தருணம் இதுதான், அந்தப் புகழ்பெற்ற வாக்கியம் அல்ல. ஏட்டுச்சுவடியைப் பதிப்பித்த மரபு நமக்கு உண்டு. பாடபேதம், இடைச்செருகல் என்று சொல்லிச் சொல்லித் தமிழ் வாசகருக்கு ஒரு காது பழகியிருக்கிறது. ஒரு பிரதியின் நடுவில் குரல் மாறினால், நடை தடுக்கினால், இங்கே யாரோ கை வைத்திருக்கிறார்கள் என்று தோன்றும். இங்கேயும் அப்படித்தான். கை வைத்தவர் மட்டும் வேறு யாருமில்லை, ஆசிரியரேதான். முன்னாலும் பின்னாலும் உள்ள பக்கங்கள் கடல் பெரும்பங்கை வாங்கிக்கொண்டுவிட்டது என்று நடக்க, நடுவில் ஒட்டிய தாள் அதனால் அவ்வளவு வாங்க முடியாதே என்கிறது. சுருக்கப்பகுதியை அவர்கள் மாற்றவே இல்லை.

இதை எப்படி மதிப்பிடுவது? நேர்மை என்று ஒருவர் சொல்லலாம். தன் வாதத்துக்கு எதிரான உண்மை கடைசி நேரத்தில் நினைவுக்கு வந்தபோது அமுக்கிவிடாமல் ஒட்டினாரே. ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எழுத்து என்ற முறையில் அது தோல்வி என்றும் சொல்லத்தான் வேண்டும். வீட்டுக்கு அஸ்திவாரம் மாறிய பிறகு அதே சுவர்களை அப்படியே விட்டுவைத்தது மாதிரி. ஒட்டிய பத்தியின் விளைவை முழுசாக யோசித்திருந்தால் கட்டுரையைத் திரும்ப எழுதியிருக்க வேண்டும். அந்த வேலையை 1959-இல் ஸ்வீடன் விஞ்ஞானிகள் பெர்ட் போலினும் எரிக் எரிக்சனும் செய்தார்கள். மேல்மட்டக் கடலையும் ஆழ்கடலையும் பிரித்துப் பார்த்தார்கள். மேல்மட்டம் சீக்கிரம் நிறைந்துவிடும். ஆழத்துக்குப் போக நூற்றாண்டுகள் ஆகும். ஆகவே எரிக்கிற கரியில் நிறைய காற்றிலேயே தங்கும். 2000-வது ஆண்டுக்குள் 25 விழுக்காட்டு அளவு உயர்வு என்று எண்ணும் கொடுத்தார்கள். நடையில் அலங்காரம் எதுவும் இல்லாத கட்டுரை. ஆவணப்படத்துக்கு ஒரு வரிகூடத் தேறாது. அதனால்தானோ என்னவோ, அவர்கள் பேர் யாருக்கும் தெரியவில்லை.

சரி, இப்போது அந்தச் சோதனை வாக்கியத்துக்கு வருவோம். அதை அபாய அறிவிப்பாகத்தான் எல்லோரும் வாசிக்கிறார்கள். ஹார்வர்டில் ரெவெலிடம் படித்த அல் கோர் அரசியலுக்கு வந்து அவரைத் தன் ஆசானாகக் கொண்டாடிய பிறகு இந்த வாசிப்பு உறுதிப்பட்டுவிட்டது. ஆனால் மேற்கோள் வழக்கமாக நிற்கும் இடத்தைத் தாண்டிப் போனால் அடுத்த வாக்கியம் ஒரு நிபந்தனையோடு தொடங்குகிறது. இந்தச் சோதனையைப் போதுமான அளவு பதிவு செய்துவைத்தால், வானிலையையும் தட்பவெப்பத்தையும் தீர்மானிக்கும் காரியங்களைப் பற்றி ஆழமான புரிதல் கிடைக்கலாம் என்கிறது. கவனியுங்கள்: தடுக்க வேண்டும் என்று இல்லை, அளக்க வேண்டும் என்று. பயத்தைவிட ஆவல்தான் அதில் அதிகம். எவனும் காசு கொடுத்து நடத்த முடியாத ஒரு சோதனையை உலகமே இலவசமாக நடத்துகிறது, நம் கையில் கருவி இல்லாமல் போய்விடக்கூடாதே என்கிற பரபரப்பு. கட்டுரை முடிவதும் அதே குரலில்தான். அப்போது வரவிருந்த சர்வதேசப் புவி இயற்பியல் ஆண்டில் இதற்கான தரவுகளைச் சேர்க்க வாய்ப்பிருக்கிறது என்று சொல்லி நிறுத்துகிறார்கள். கொச்சையாகச் சொன்னால், ஒரு மானிய விண்ணப்பத்தின் கடைசி வரி.

இதைச் சொல்வது ரெவெலைக் குறைப்பதற்கு அல்ல. வெட்டி ஒட்டும் வாசிப்பு இரண்டு பக்கமும் நடக்கிறது என்பதுதான் எனக்கு உறுத்துகிறது. ஒரு தரப்பு சோதனை வாக்கியத்தை எடுத்துக்கொண்டு, 1957-லேயே எல்லாம் தெரிந்துவிட்டது என்கிறது. இன்னொரு தரப்பு சுருக்கப்பகுதியையும் அந்த 10 ஆண்டுக் கணக்கையும் எடுத்துக்கொண்டு, கரியமில வாயு பத்து வருஷத்தில் கடலுக்குள் போய்விடும், அப்புறம் என்ன கவலை என்று இன்றும் வாதாடுகிறது. இந்த இரண்டாவது வாதத்துக்கான பதில் அதே கட்டுரையில், அந்த ஒட்டிய தாளில் இருக்கிறது. இரண்டு தரப்புமே அதைப் படிக்கவில்லை.

நம் பக்கத்துக்கும் கொஞ்சம் வருவோம். தமிழில் சூழலியல் கட்டுரைகள் இப்போது நிறைய வருகின்றன; நல்ல விஷயம். ஆனால் கடல் என்று வந்ததும் இரண்டு உருவகங்கள் கையில் தயாராக இருக்கின்றன. ஒன்று, கடல் பூமியின் நுரையீரல். நுரையீரல் கரியமில வாயுவை வெளியே விடும் உறுப்பு; கடலோ மொத்தக் கணக்கில் உள்ளே வாங்குகிறது. உருவகம் தலைகீழாக நிற்கிறது, யாரும் கண்டுகொள்வதில்லை. இரண்டாவது, கடல் தாய். நாம் போடும் அழுக்கையெல்லாம் வாங்கிக்கொண்டு பொறுத்துப்போகிறாள். இது இன்னும் மோசம். பொறுமைக்கு அளவே இல்லை என்ற எண்ணத்தை அது உள்ளே வைத்திருக்கிறது. காலண்டரை ஒதுக்கிய நிபுணர்களும் இதையே வேறு மொழியில் நம்பினார்கள். 10-க்கு 1 என்று சொன்னேனே, அந்த விகிதத்துக்கு இப்போது ரெவெல் காரணி என்று பேர். அது நிலையான எண் அல்ல. கடல் கரியை வாங்க வாங்க அது கூடுகிறது. அதாவது அடுத்த முறை வாங்கும் திறன் குறைகிறது. வாங்கியதற்கு ஒரு தடமும் இருக்கிறது: தொழிற்புரட்சிக்கு முன் 8.2 அளவில் இருந்த மேற்பரப்புக் கடல்நீரின் பி.எச். இப்போது 8.1-க்குக் கீழே வந்துகொண்டிருக்கிறது. 0.1 தானே என்று தோன்றும். பி.எச். மடக்கைக் கணக்கு என்பதால், ஹைட்ரஜன் அயனிகளில் அது ஏறக்குறைய 30 விழுக்காடு உயர்வு.

இந்த உருவகங்கள் மறைப்பது என்ன என்று புரிய, கடலுக்கும் காற்றுக்கும் இடையிலான இந்தக் கொடுக்கல் வாங்கலை உண்மையில் எப்படி அளக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி இது.

கப்பலின் முன்பக்க அடியில், சில மீட்டர் ஆழத்தில் ஒரு குழாய் கடல்நீரை இழுத்துக்கொண்டே இருக்கும். அந்த நீரை மூடிய பாத்திரத்துக்குள் ஷவர் மாதிரி தூவுவார்கள். பாத்திரத்துக்குள் இருக்கும் சிறிதளவு காற்று, தூறலாக விழும் நீரோடு சமநிலைக்கு வரும். பிறகு அந்தக் காற்றை அகச்சிவப்புக் கருவிக்குள் விட்டு அதில் எவ்வளவு கரியமில வாயு என்று பார்ப்பது. வெளிக்காற்றையும் அதே கருவியில் பார்ப்பது. நீரில் அழுத்தம் குறைவாக இருந்தால் கடல் வாங்குகிறது, கூடுதலாக இருந்தால் கொடுக்கிறது. கேட்க எளிது. ஆனால் கப்பலின் குழாயில் வரும்போதே நீர் லேசாகச் சூடாகிவிடும். ஒரு டிகிரி சூடானால் அழுத்தம் 4.23 விழுக்காடு ஏறும். 400 மைக்ரோ அட்மாஸ்பியருக்கு அது 17. உலகச் சராசரியாகக் கடலுக்கும் காற்றுக்கும் உள்ள வித்தியாசமே சில மைக்ரோ அட்மாஸ்பியர்கள்தான். அதாவது ஒரு டிகிரிப் பிழை, தேடுகிற விடையையே முழுங்கிவிடும். அதனால் நல்ல கருவிகளில் 2 மைக்ரோ அட்மாஸ்பியருக்குள் துல்லியம் கேட்கிறார்கள். அதற்கும் மேலே ஒரு சிக்கல்: கடலின் மேல்தோல், ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான படலம், அடியிலுள்ள நீரைவிடச் சுமார் 0.2 டிகிரி குளிர்ச்சி. பரிமாற்றம் நடப்பது அந்தத் தோலில். நாம் அளப்பது சில மீட்டர் கீழே. 2020-இல் ஆண்ட்ரூ வாட்சனும் அவர் குழுவும் இதற்கான திருத்தத்தைப் போட்டபோது கடல் வாங்கும் மொத்த அளவு கணிசமாக ஏறியது. கடலில் எதுவும் மாறவில்லை, கணக்குதான் மாறியது.

அழுத்த வித்தியாசம் மட்டும் போதாது, வாயு எவ்வளவு வேகமாகக் கடக்கிறது என்றும் தெரிய வேண்டும். அதைக் காற்றின் வேகத்தின் வர்க்கத்தோடு பெருக்கி மதிப்பிடுகிறார்கள். ரிக் வானின்கோஃப் 1992-இல் அதற்கு 0.31 என்ற கெழுவைக் கொடுத்தார். 2014-இல் அவரே அதை 0.251 என்று திருத்தினார். இந்த எண் எங்கிருந்து வருகிறது தெரியுமா? 1950-களிலும் 60-களிலும் வெடித்த அணுகுண்டுச் சோதனைகளிலிருந்து. அவை காற்றில் கொட்டிய கார்பன்-14 எவ்வளவு கடலுக்குள் போயிருக்கிறது என்ற கணக்கை மறுபடி போட்டபோது அது குறைந்தது, கெழுவும் குறைந்தது. சூஸ் மரவளையத்தில் பார்த்த அதே கடிகாரம், குண்டுகள் புண்ணியத்தில் மறுபடி சாவி கொடுக்கப்பட்டது.

இவ்வளவும் எதற்கு என்றால், ஆண்டுதோறும் சுமார் 8000 கோடி டன் கரி கடலிலிருந்து மேலே வருகிறது, அதைவிடச் சற்றுக் கூடுதலாகக் கீழே போகிறது. கூடுதலாகப் போவது 300 கோடி டன்னுக்குச் சற்றுக் குறைவு. பஜார் மளிகைக் கடையில் நாள் முழுக்கக் கல்லாவில் பணம் வரும், போகும். ராத்திரி கடை சாத்தும்போது மிஞ்சுவது கொஞ்சம். அந்த மிச்சத்தைத்தான் கப்பல்கள் தேடுகின்றன. நாம் வெளியிடும் கரியமில வாயுவில் சுமார் கால் பங்கு அந்த மிச்சத்தில் அடங்குகிறது. மூச்சு, தாய் என்ற சொற்களில் இந்த மிச்சம் என்ற கருத்துக்கு இடமே இல்லை.

இந்தியப் பெருங்கடல் இந்தக் கணக்கில் ஒரு வேடிக்கையான இடம். தென்மேற்குப் பருவக்காற்று அடிக்கும்போது சோமாலியா, ஓமன் கரைகளில் ஆழத்திலிருந்து குளிர்ந்த நீர் மேலேறும். அதோடு அங்கே தேங்கிய கரியும் ஏறும். ஆக, அரபிக்கடல் வாங்குவதைவிடக் கொடுப்பதே அதிகம். வங்காள விரிகுடா அப்படி இல்லை. கங்கையும் பிரம்மபுத்திராவும் கொட்டும் நன்னீர் மேலே மூடி போட்டது மாதிரி நிற்பதால் ஆழத்து நீர் எளிதில் மேலே வராது. ஒரே பருவக்காற்று, இரண்டு கடல், இரண்டு குணம். கடலன்னை என்று ஒருமையில் சொல்பவர்கள் எந்த அன்னை என்று சொன்னால் தேவலை. 1960-களின் சர்வதேச இந்தியப் பெருங்கடல் ஆய்வுப் பயணத்தைத் திட்டமிட்ட அமைப்பின் முதல் தலைவர் ரெவெல். அந்தப் பயணத்தின் தொடர்ச்சியாகத்தான் 1966-இல் தேசியக் கடலாய்வு நிறுவனம் பிறந்தது. இன்னொரு தகவல், இதற்குச் சம்பந்தம் இல்லைதான்: நம் கல்விக்கொள்கைக்கு அடித்தளம் போட்ட கோத்தாரி ஆணையத்தின் உறுப்பினர்களில் ஒருவரும் அதே ரெவெல். பத்தாம் வகுப்புக்குப் பிறகு 'பிளஸ் டூ' படித்தவர்களுக்கெல்லாம் அவர் ஒருவகையில் தூரத்துச் சொந்தம்.

பதிவு செய்துவைத்தால் என்ற அந்த நிபந்தனைக்குத் திரும்புகிறேன். அதை ரெவெல் வெறும் வாக்கியமாக விட்டுவிடவில்லை. சார்லஸ் டேவிட் கீலிங் என்ற இளைஞரை 1956-இல் ஸ்கிரிப்ஸ் கடலாய்வு நிலையத்துக்குக் கூட்டிவந்தார். ரெவெலுக்கு வேண்டியிருந்தது உலகம் முழுவதுக்குமான ஒரு அடிப்படை அளவு. சில பத்தாண்டு கழித்து மறுபடி அளந்து ஒப்பிட்டால் போதும். கீலிங்குக்கு அது போதவில்லை, விடாமல் அளக்க வேண்டும் என்று பிடிவாதம். 1958 மார்ச்சில் ஹவாய் மௌனா லோவா மலைமேல் அவர் கருவி காட்டிய முதல் அளவு 313 பி.பி.எம். இன்று அது 420-ஐத் தாண்டிவிட்டது. 1957-இல் லமாண்ட் ஆய்வகத்தின் 'வேமா' கப்பலில் டாரோ டகஹாஷி என்ற இன்னொரு இளைஞர் கடல் பக்கத்தின் கணக்கை எழுதத் தொடங்கினார். 2009-இல் அவர் குழு வெளியிட்ட உலகக் கடல் வரைபடத்துக்குப் பின்னால் சுமார் 30 லட்சம் அளவீடுகள். ஐம்பது வருஷமாக ஒரே கேள்வியை ஒரு மனிதர் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். இவர்கள் இருவரும் எழுதியதில் மேற்கோளுக்கு ஏற்ற வாக்கியம் அரிது. ஆனால் 1957 கட்டுரையின் ஒட்டிய பத்திக்குச் சரியான உரை எழுதியவர்கள் இவர்கள்தான் என்பேன். எண்களால் எழுதிய உரை.

கீலிங்கின் வளைகோட்டை உற்றுப் பார்த்தால் 1964-இன் தொடக்க மாதங்களில் ஒரு சிறு இடைவெளி தெரியும். கருவி பழுதாகவில்லை, மலை வெடிக்கவில்லை. பணத்தை நிறுத்திவிட்டார்கள். கடல் பக்கத்துப் பதிவுகளை இப்போது 'சோகாட்' என்ற சர்வதேசத் தொகுப்பு சேர்த்துவைக்கிறது. 2011-இல் அதன் முதல் பதிப்பிலேயே 63 லட்சம் அளவீடுகள் இருந்தன. ஆண்டுக்குச் சேரும் அளவீடுகள் 2017-க்குப் பிறகு குறையத் தொடங்கின. அதன் வரைபடத்தில் இந்தியப் பெருங்கடல் இன்னும் பெரும்பாலும் வெள்ளையாகத்தான் இருக்கிறது.